தொட்டுப் பார்க்கும் உரிமை



அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளில் இலக்கியம் பேசுவதுதான் நம் வழக்கம். இந்த ஆண்டு அறிவியலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இளைஞர்களிடம் அறிவியல் ஆர்வத்தை வளர்க்க மன்றங்கள் என்ன செய்தன, இனி என்ன செய்யலாம் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. அதைக் கேட்டவுடன் எனக்கு ஒரு கரும்பலகை நினைவுக்கு வந்தது.

பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி. சிறுவன் பீமராவை ஆசிரியர் கரும்பலகைக்கு அழைக்கிறார், ஒரு கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லி. அவர் எழுந்து நடக்கிறார். வகுப்பில் ஒரே கூச்சல். ஏனென்றால் மற்ற மாணவர்கள் தங்கள் சோற்றுப் பாத்திரங்களைக் கரும்பலகைக்குப் பின்னால்தான் வைத்திருந்தார்கள். அவர் கை பலகையில் படுவதற்குள் ஓடிப்போய்ப் பாத்திரங்களை இழுத்துத் தள்ளினார்கள். அதன் பிறகுதான் அவர் கணக்கைப் போட்டார். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார்.

இந்தச் சம்பவத்தில் பீமராவுக்கு ஆர்வக் குறைவு எங்கே இருந்தது? கணக்கு தெரியும், ஆசிரியரும் அழைத்தார், பலகையும் இருந்தது. பலகையைத் தொடுவதில்தான் சிக்கல். ஆகவே "ஆர்வத்தை வளர்ப்பது" என்ற சொல் எனக்குக் கொஞ்சம் நெருடுகிறது. நம் வளவுப் பிள்ளைகளிடம் ஆர்வத்துக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு அடி வாங்காத பையன் நம் தெருவில் யார்? அந்தக் கைகளுக்குக் கருவி எப்போது கிடைத்தது, யார் கொடுத்தார்கள், எந்த இடத்தில் வைத்துக் கொடுத்தார்கள் என்பதைத்தான் வரலாறாகப் பார்க்க வேண்டும்.

என் கதையை ஒரே ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் பிப்பெட் என்று ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அப்போதெல்லாம் அதில் வாய் வைத்துத்தான் திரவத்தை உறிஞ்ச வேண்டும். எங்கள் மேசையில் நாலு பேருக்கு ஒரு பிப்பெட். நான் வாய் வைத்தால் அடுத்தவன் வைக்க மாட்டான். யாரும் சண்டை போடவில்லை, யாரும் ஏசவில்லை. "நீ ரீடிங் எழுதிக்கோடா, உன் கையெழுத்து நல்லா இருக்கு" என்று அன்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆண்டு முழுக்க ரீடிங் எழுதினேன். நான் முதன்முதலாகப் பிப்பெட்டைக் கையில் பிடித்தது அரசுப் பொதுத்தேர்வு செய்முறையில். கை நடுங்கியது. அதைப் பார்த்தவர் பையன் சரியாகப் படிக்கவில்லை என்று எண்ணியிருப்பார்.

அண்ணலுக்கு வருவோம். 1942 ஜூலையில் அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர் ஆனார். சில மாதங்களில், அக்டோபர் 29 அன்று, வைசிராய் லின்லித்கோவிடம் பட்டியல் சாதியினரின் குறைகளை விவரித்து ஒரு மனு கொடுத்தார். அரசியல் உரிமை, வேலை என்று அதில் பல பகுதிகள் உண்டு. கல்விப் பகுதியை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். கலைப் பட்டமும் சட்டப் பட்டமும் நம் மக்களுக்குப் பெரிதாக உதவப்போவதில்லை, உயர்ந்த நிலையிலான அறிவியல் தொழில்நுட்பக் கல்விதான் உதவும் என்று வாதிடுகிறார். சொல்கிறவர் யார்? பொருளாதாரத்திலும் சட்டத்திலும் உலகின் பெரிய பட்டங்களை வாங்கியவர். இந்தியாவுக்குள் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்கும் நம் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய், வெளிநாட்டில் படிக்க 1 லட்சம் ரூபாய் என்று தொகையையும் குறிப்பிட்டுக் கேட்டார். இதோடு நிற்கவில்லை. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பையன்களைத் தொழில் பழகுநர்களாக எடுக்க வேண்டும் என்றும் கேட்டார். மேலே பல்கலைக்கழக ஆய்வகம், கீழே பட்டறை, இரண்டிலும் நம் கை பட வேண்டும் என்பது அவர் கணக்கு. இன்று கல்லூரியில் நீங்கள் வாங்கும் உதவித்தொகையின் வேர், 1944இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. 1946இல் அவர் பம்பாயில் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியிலும் கலையோடு அறிவியலும் இருந்தது.

நம் மக்கள் தொழில்நுட்பத்துக்குப் புதியவர்களா? வெள்ளகோவில், காங்கயம், மூலனூர் பக்கம் வயதானவர்களைக் கேளுங்கள். இது ஆற்றுப்பாசன பூமி அல்ல, ஆழக்கிணற்று பூமி. மோட்டார் வருவதற்கு முன் இந்த மண்ணை நனைத்தது கவலை. இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி இழுக்க, கிணற்றுக்குள்ளிருந்து இரும்புச் சால் மேலே வரும். சாலின் அடியில் தோலால் தைத்த நீண்ட வால் இருக்கும். சாலை வடக்கயிறு இழுக்கும், தோல் வாலின் நுனியை மெல்லிய வால்கயிறு இழுக்கும். ஏறி வரும்போது வால் மேல்நோக்கி மடங்கியிருப்பதால் தண்ணீர் சிந்தாது. கிணற்று மேட்டுக்கு வந்ததும் சால் இன்னும் மேலே போகும், வாலின் நுனியோ கீழே வாய்க்கால் பக்கம் இழுபடும். அவ்வளவுதான், மொத்தத் தண்ணீரும் தானாகக் கொட்டிவிடும். சாலைக் கவிழ்க்கத் தனியாக ஓர் ஆள் தேவையில்லை. இரண்டு கயிறுகளின் நீள வித்தியாசத்தில் இயங்கும் தானியங்கிப் பொறி அது.

அந்த வாலைத் தைத்தவர்கள் யார்? நம் அருந்ததியர். தோலைப் பதமாக்கி, ஒழுகாமல் தையல் போட்டு, வெடிக்காமல் எண்ணெய் ஊட்டி, கிழிந்தால் நள்ளிரவிலும் போய் ஒட்டுப் போட்டார்கள். தண்ணீரின் எடையைத் தாங்க எத்தனை தையல் வேண்டும், கிணற்றின் ஆழத்துக்கு வால் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதெல்லாம் என் தாத்தாவின் விரலில் இருந்த கணக்கு. கூலியோ ஆண்டுக்கு இத்தனை வள்ளம் கம்பும் சோளமும். அவர் தைத்த வால் இறைத்த தண்ணீரைக் குடிக்க அவர் வாய்க்கால் ஓரம் கையேந்தி நிற்க வேண்டும். தோல் உள்ளே போகலாம், தைத்த கை கிணற்றுப் படியில் இறங்கக் கூடாது.

1932இல் பைக்காரா மின்சாரம் கோவைச் சீமைக்கு வந்தது. பிறகு மெல்ல மெல்லக் கிணற்று மேட்டில் மோட்டார் ஏறியது. கவலை போயிற்று, வால் போயிற்று, வள்ளக் கூலியும் போயிற்று. தண்ணீர் இறைக்கும் பொறியை நூற்றாண்டுக் கணக்கில் பராமரித்த சமூகம் அடுத்த தலைமுறையில் மோட்டார் பட்டறை வைத்திருக்க வேண்டும், நியாயப்படி. வைத்தார்களா? பட்டறைக்கு முதல் வேண்டும், முதலுக்கு நிலம் வேண்டும், கடன் கொடுப்பவனிடம் உறவு வேண்டும், பழகுநராகச் சேர்த்துக்கொள்ள ஒரு முதலாளி வேண்டும். பட்டறை வேறு கைகளுக்குப் போயிற்று. நம் கைகள் பண்ணைக்கும், பிறகு தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போயின. அண்ணல் 1942இல் பட்டறையைக் கேட்டது ஏன் என்று இப்போது புரியும்.

இனி மன்றங்களின் கதை. கேரளத்தில் 1962இல் சாஸ்திர சாகித்ய பரிஷத் தொடங்கியது, அறிவியலைத் தாய்மொழியில் எழுதுவோம் என்று. தமிழ்நாட்டில் 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் உருவானது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு மக்களைக் கொன்றது. யாருக்காக இந்த அறிவியல் என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது. 1987 அக்டோபர் 2 அன்று நாட்டின் ஐந்து இடங்களிலிருந்து மக்கள் அறிவியல் கலைப்பயணங்கள் புறப்பட்டு, நவம்பர் 7 அன்று அதே போபாலில் போய்ச் சேர்ந்தன. அந்த நவம்பரில்தான் இங்கே 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் மாத இதழ் பிறந்தது. இதழைப் படிக்கும் பிள்ளைகள் ஊருக்கு ஊர் கூடியபோது துளிர் இல்லங்கள் உண்டாயின.

துளிர் இல்லம் என்றால் கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு திண்ணை, ஒரு மரத்தடி, ஒரு பள்ளித் தாழ்வாரம். பத்துப் பதினைந்து பிள்ளைகள், வழிநடத்த ஓர் அண்ணனோ அக்காவோ. சைக்கிள் டியூபின் வால்வு, ஊசி போட்டு எறிந்த சிரிஞ்சு, பீஸ் போன பல்பு, பலூன், மெழுகுவர்த்தி ஆகியவைதான் கருவிகள். பீஸ் போன பல்பின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது பூதக்கண்ணாடி. விலை இல்லாத பொருளாக இருந்ததால் "உடைச்சுருவே, தொடாதே" என்று அதட்ட ஆளில்லை. என்னைக் கேட்டால் இந்த இயக்கத்தின் பெரிய கண்டுபிடிப்பே இதுதான். பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் இருந்த அறிவியலைக் குப்பையில் கிடந்த பொருளுக்கு மாற்றினார்கள்.

ஆனால் இடம்? தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு கிராமத்தில் இல்லம் தொடங்கினோம். நல்ல மனம் படைத்த ஒருவர் ஊருக்குள் தன் வீட்டுத் திண்ணையைக் கொடுத்தார். வளவுப் பிள்ளைகள் இரண்டு வாரம் வந்தார்கள். வாசலில் நின்றபடியே பார்த்தார்கள். திண்ணையில் ஏறு என்று நாங்கள் சொன்னோம், ஏறவில்லை. மூன்றாவது வாரம் வரவேயில்லை. அறிவியலில் நாட்டம் இல்லை என்று எங்களில் ஒருவரே சொன்னார். இல்லத்தைப் பள்ளித் தாழ்வாரத்துக்கு மாற்றினோம். வளவுப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். நின்ற பாதியைப் பற்றிக் கவலைப்பட்டோம். வந்த பாதியை வைத்து நடத்தினோம்.

1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடக்கிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். எங்கள் பிள்ளைகள் எடுத்த தலைப்பு குடிதண்ணீர்க் குழாய். எத்தனை வீட்டுக்கு ஒரு குழாய், எவ்வளவு நேரம் தண்ணீர், ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம். கடிகாரம் கிடையாது, வாயால் எண்ணினார்கள். ஊர் நடுக் குழாயில் சட்டென்று முடிந்தது. வளவுக் கடைசிக் குழாயில் எண்ணிய பையனுக்கு நூறு வரைதான் தெரியும். நூறு வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான், குடம் நிரம்பவில்லை. குழாயின் கடைசியில் அழுத்தம் குறையும் என்று நான் விளக்கினேன். அது சரியான இயற்பியல்தான். ஒரு பெண் குழந்தை கேட்டாள்: "அப்ப எங்க வளவு மட்டும் ஏண்ணா எப்பவும் கடைசியிலயே இருக்குது?"

அவளுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. அறிக்கையில் அந்தக் கேள்வியை எழுதலாமா என்று எங்களுக்குள் பெரிய வாதம். அது அறிவியல் இல்லை, அரசியல் என்று ஒரு தரப்பு. கடைசியில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்பது என் இன்றைய கருத்து. அளந்தது அறிவியல் என்றால், அளவு ஏன் அப்படி வந்தது என்று கேட்பதும் அறிவியல்தான்.

நொய்யல் கதையும் இப்படித்தான். ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்கென்று கட்டி முடிக்கப்பட்டது. சாயக்கழிவு வந்து தேங்கியது. உழவர்கள் வழக்குப் போட்டார்கள், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவை முழுமையாகச் சுத்திகரிக்காத சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. நிலத்துக்கு நட்டம் என்ற பேச்சு எல்லா இடத்திலும் பதிவானது. அந்த நிலத்தில் கூலிக்குப் போனவர்கள், அந்த நீரில் துணி துவைத்தவர்கள் எந்த மனுவில் இருக்கிறார்கள்? தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இன்று ஒரு பேனா அளவுதான். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. ஒரு மன்றத்துக்கு ஒரு மீட்டர் போதும். ஊர்க் கிணறு, வளவுக் கிணறு, லாரித் தண்ணீர் என்று எல்லாவற்றிலும் முக்கி, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தால், நாளைக்கு யாரும் மறுக்க முடியாத ஆவணம் அது.

இனி வானத்துக்குப் போவோம். 2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. கங்கணச் சூரிய கிரகணத்தின் பாதை நேராக நம் தலைக்கு மேலே போனது. கோவை, திருப்பூர், காங்கயம், வெள்ளகோவில், கரூர் என்று போய், இலங்கையின் யாழ்ப்பாணம் வரை. காலை 8 மணியை ஒட்டித் தொடங்கி, ஒன்பதரை வாக்கில் ஏறக்குறைய மூன்று நிமிடம் சூரியன் ஒரு வளையலாக நின்றது. அரையாண்டு விடுமுறை, பள்ளிகள் பூட்டியிருந்தன. அன்றைக்குக் களத்தில் நின்றவை அறிவியல் மன்றங்களும் அண்ணன்மார், அக்காமார் சிலரும்தான். கோயில் நடைகள் சாத்தியிருந்தன, கடைவீதி காலியாக இருந்தது, கர்ப்பிணிகள் வீட்டுக்குள் இருந்தார்கள்.

நாங்கள் காங்கயம் சாலையை ஒட்டிய ஒரு காலனியில் பந்துக் கண்ணாடி வைத்தோம். செய்முறை எளிது. ஒரு ரப்பர் பந்தில் சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி, அதன் மேல் சிறு ஓட்டை போட்ட காகிதத்தை வைத்து, வெயிலில் ஒரு சும்மாட்டின் மேல் உட்காரவைக்க வேண்டும். ஒளியை இருட்டு அறைச் சுவரில் திருப்பினால் சூரியனின் படம் விழும். கண்ணாடிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை 108ஆல் வகுத்தால் படத்தின் அகலம் வரும். நூற்றெட்டு என்றதும் யாரும் தேங்காய் உடைக்க வேண்டாம், சூரியன் எவ்வளவு தொலைவில் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதன் விகிதம் அது. இருபது மீட்டர் என்றால் பதினெட்டரை சென்டிமீட்டர். பிள்ளைகள் அளந்து பார்த்தார்கள், சரியாக வந்தது. வேப்ப மரத்தடியில் விழுந்த வெயில் புள்ளிகளெல்லாம் வளையல் வளையலாக மாறியபோது முதலில் கத்தியது பிள்ளைகள் அல்ல, வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த ஒரு பாட்டி. "ஆத்தாடி" என்று வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகவில்லை.

கிரகணத்துக்கும் நமக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. ராகு யார்? தேவர்களின் பந்தியில் மாறுவேடத்தில் உட்கார்ந்து அமிர்தம் குடித்தவன். அடையாளம் தெரிந்ததும் தலை வெட்டப்பட்டவன். பந்தியில் உட்கார்ந்ததற்குத் தலை போன கதை நமக்குப் புதிதா? பீகாரில் துசாத் மக்கள் ராகுவைத் தெய்வமாக வணங்குகிறார்கள். அவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

ஆரியபட்டர் 499இலேயே கிரகணம் நிழலால் வருவது என்று எழுதிவிட்டார். அடுத்த நூற்றாண்டில் வந்த பிரம்மகுப்தர் கிரகணத்தைத் துல்லியமாகக் கணக்கிடத் தெரிந்தவர். ஆனாலும் 628இல் எழுதிய நூலில் ராகு இல்லை என்பவர்களைச் சாத்திர விரோதிகள் என்று சாடுகிறார். பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி இதைப் படித்துவிட்டு, இவ்வளவு தெரிந்தவர் ஏன் இப்படி எழுதினார் என்று கடிந்துகொள்கிறார். மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கணிதம் தெரிந்தால் தீட்டு தானாகப் போய்விடும் என்ற நம்பிக்கை ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்பே பொய்த்துவிட்டது. இன்று ராக்கெட் ஏவும் ஊரிலும் இரட்டைக் குவளை இருக்க முடியும். ஆகவே வெறும் அறிவியலைச் சொல்லித்தந்துவிட்டுச் சாதியைப் பேசாத மன்றம் நமக்குப் பாதிதான் பயன்படும். அரசியல் சட்டத்தின் 51அ பிரிவு அறிவியல் மனப்பான்மையை ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. அதே பிரிவில் மனிதநேயமும் கேள்வி கேட்கும் உணர்வும் சேர்ந்தே வருகின்றன.

அரசும் இப்போது மன்றம் நடத்துகிறது. 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் 'வானவில் மன்றம்' தொடங்கப்பட்டது. தொடங்கிய இடம் ஓர் ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்பதில் எனக்கு மகிழ்ச்சி. 6 முதல் 8 வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 13,210 பள்ளிகளில் திட்டம், கருவிப் பெட்டியோடு இருசக்கர வண்டியில் வரும் கருத்தாளர்கள். நல்ல வேலை. நம் ஆட்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பெட்டி திறந்தபோது நம் பிள்ளை தொட்டதா, இல்லை ரீடிங் எழுதியதா?

எட்டாம் வகுப்புக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதும் கேள்வி. வெள்ளகோவிலில் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. பத்தாம் வகுப்பு விடுமுறையில் "சும்மா ஒரு மாசம்" தறிக்கோ பனியன் கம்பெனிக்கோ போகிற பையன் வாரச் சம்பளத்தைப் பார்த்தபின் திரும்பி வருவது கடினம். அவன் கையில் ஓடும் இயந்திரத்தைப் பற்றி அவனுக்கு எவ்வளவோ தெரியும். நூல் ஏன் அறுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லுவான். அந்த அறிவை யாரும் அறிவியல் என்று அவனிடம் சொன்னதில்லை. நம் மன்றங்கள் பள்ளியோடு நிற்காமல் ஷிப்ட் முடிந்து வருகிற இந்தப் பையன்களுக்கும் பெண்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை கூட வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் தெருக்களில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2009இல் அருந்ததியர் உள் ஒதுக்கீடு வந்தது, 3 விழுக்காடு. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. நம் வளவுகளிலிருந்து பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் பிள்ளைகள் போகிறார்கள். போன இடத்தில் என்ன நடக்கிறது? ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் படித்த ரோகித் வெமுலாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் இருந்தவர். கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். விண்மீன்களை நேசித்த பையன் என்று அவரை நினைவுகூர்வதுதான் எனக்குப் பிடிக்கும். அவருக்கு ஆர்வம் ஊட்ட யாரும் தேவைப்படவில்லை.

கடைசியாக ஒரு தேதி. 2031 மே 21 அன்று இன்னொரு கங்கண கிரகணம் தமிழ்நாட்டுக்கு வருகிறது. பாதை இந்த முறை இன்னும் தெற்கே, மதுரைப் பக்கமாகப் போகிறது. வெள்ளகோவிலில் நின்றால் முழு வளையம் கிடைக்காது. உச்சி வெயில் நேரம், கோடை விடுமுறை. இன்று நம் வளவில் பத்து வயதாக இருக்கும் பிள்ளைக்கு அன்று பதினைந்து, பதினாறு. காலையில் ஒரு வேன் பேசினால் போய்ச் சேர்ந்துவிடலாம். பந்துக் கண்ணாடி என்னிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அந்த மேசையில் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள், வருகிற பிள்ளைகளின் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.